பக்கத்து இருக்கை பிரேக்

கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாருடைய வண்டியில் ஏறினாலும் கால் தானாகப் போய் இல்லாத பிரேக்கை மிதிக்கும். டீச்சருக்கு அது இருபத்தாறு வருடத்து வியாதி. டாக்ஸியில் மிதிப்பாள், பஸ்ஸில் மிதிப்பாள், டிவியில் இரண்டு கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் சோபாவில் உட்கார்ந்தபடியே மிதிப்பாள். காலடி விரிப்பு சுருண்டு டிவிக்கு அடியில் போய்க் கிடக்கும். அவள் கணவர் எழுந்து போய் அதை இழுத்துப் போட்டுவிட்டு, "நல்லவேளை, ரெண்டு பேரும் பிழைச்சாங்க" என்பார்.

பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்ன வெள்ளைக் காரும், அதன் கூரைமேல் 'பயிற்சி வண்டி' என்ற மஞ்சள் பலகையும்தான் அவள் பள்ளிக்கூடம். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோல் அவள் காலடியிலும் பெடல் உண்டு, கிளட்ச் ஒன்று, பிரேக் ஒன்று. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்வது ஒன்றுதான்: "காலைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க. கால் எங்கே இருக்குன்னு காலுக்கே தெரியும்." குனிந்து பெடலைப் பார்த்தவர்கள் அவளிடம் வாங்கிய திட்டை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

சீட் பெல்ட் உறுத்துகிறதே என்று ஒருநாள் மார்பில் கையை வைத்தபோதுதான் கட்டி தட்டுப்பட்டது. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பரிசோதனை, அறுவை சிகிச்சை, அப்புறம் மருந்து ஏற்றுதல். முதலில் சிவப்பு மருந்து நான்கு தடவை, அது முடிந்ததும் வேறொரு மருந்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம். டீச்சர் காலண்டரை எடுத்து வட்டம் போட்டுக்கொண்டாள். "மொத்தம் பதினாறு கிளாஸ். நம்மகிட்ட கார் கத்துக்கறவங்களுக்கே இருபது. நாலு கம்மிதான்" என்றாள்.

சிவப்பு மருந்தின் இரண்டாவது தடவையோடு முடி மொத்தமும் போயிற்று. தங்கை எங்கிருந்தோ ஒரு விக் வாங்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தங்கைக்குக் குடும்பத்தில் வானொலி என்று பெயர், அணைக்கப் பொத்தான் இல்லாத வானொலி. விக்கை மாட்டிக்கொண்டு பாடம் நடத்தப்போன முதல் நாளே, கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் ஒருவர் நாய்க்குப் பயந்து சடாரென்று பிரேக் போட, விக் பறந்துபோய் ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்தது. மனிதர் அலறிய அலறலில் நாயே ஓடிவிட்டது. டீச்சர் மட்டும் அசையவில்லை. "அது ஒண்ணும் பண்ணாது. நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள்.

வானொலி இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதில் டீச்சருக்கு வருத்தமில்லை. பரிதாபப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதற்கு, சிரிக்கிறவர்கள் வந்து உட்காருவது எவ்வளவோ மேல். விக் அதன்பிறகு அலமாரியைவிட்டு இறங்கவில்லை.

கணவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தாற்போல் அறுத்துப் பொருத்துவது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கார் என்றால் ஆளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கல்யாணமான புதிதில் டீச்சர் அவருக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கி, சாவியையும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். அன்றைக்கு ஏற்பட்ட ஒப்பந்தப்படி அவர் பஸ்ஸில் போவார், அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

அந்த மனிதர்தான் சிவப்பு மருந்து நடந்துகொண்டிருந்த நாட்களில், 'கடையில் வேலை ஜாஸ்தி' என்று தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தார். ஒருநாள் சிக்னலில் டீச்சரின் வண்டி நிற்கிறது. பக்கத்தில் ஒரு சிவப்பு வண்டி வந்து, துள்ளி, இருமி, அணைந்து நின்றது. மீசையின் வண்டி. மீசை அவளுக்குப் போட்டிக் கடைக்காரர், அதே தெருவில் அவரும் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார். ஓட்டுகிற இருக்கையில் யார் என்று பார்த்தால், அவள் வீட்டுக்காரர். அவளைப் பார்த்ததும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்துகொள்ளப் பார்த்தார். டீச்சர் ஜன்னலை இறக்கினாள்.

"கண்ணாடியைப் பாருங்க" என்றாள். "என்னை இல்ல. மேலே இருக்கே, அந்தக் கண்ணாடியை."

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இதுதான்: "உன்கிட்டக் கத்துக்கிட்டா நமக்குள்ள விவாகரத்துதான். இப்போ அதுக்கெல்லாம் நேரமில்ல. ஆஸ்பத்திரிக்கு நான்தான் உன்னைக் கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்." டீச்சர் அன்றைக்கு எதுவும் கிண்டல் பண்ணவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுப்பதில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை அவர் லைசென்ஸ் வாங்கினார். வானொலி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள். ஐம்பத்து நாலு வயதில் பரீட்சை பாஸான சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டீச்சர் ஸ்டியரிங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கோளாறு இரண்டாவது மருந்தின் ஆறாவது வாரம் ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் எழுந்தபோது டீச்சருக்குக் கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. மடக்கி உட்கார்ந்திருந்தால் வருமே, அந்த மாதிரி. உதறினாள், போகவில்லை. மறுநாளும் போகவில்லை, பாதம் வரைக்கும் ஏறியது. தரையில் நடந்தாலும் மெத்தையில் நடப்பது போல் இருந்தது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தும்போது கால் பிரேக்கைவிட்டு வழுக்க, வாசலில் இருந்த பூந்தொட்டி உடைந்தது. குறுக்கே பூனை வந்தது என்று சொல்லிவிட்டாள். பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கே தன்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, சோர்வாக இருக்கிறது, ஒரு மாதம் போகட்டும் என்றாள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிற வேலையும் கணவருக்குப் போயிற்று.

டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் தவறாமல் கேட்பார்: "கை கால் மரத்துப்போகுதா? சட்டைக்குப் பட்டன் போட முடியுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பாள் டீச்சர்.

ஏன் பொய் சொன்னாள் என்றால், பயம். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்ள ஒரு தபால் ஆபீஸ் அம்மா வருவார். "விரல் மரத்துப்போச்சுன்னு சொன்னேன், மருந்தைக் குறைச்சுட்டாங்க" என்று அவர் ஐந்தாவது வாரம் சொன்னார். ஆறாவது வாரம் அந்த நாற்காலி காலி. ஏழாவது வாரமும் காலி. என்ன ஆயிற்று என்று டீச்சர் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே முடிவுகட்டிவிட்டாள்: மருந்து குறைந்தால் ஆயுசும் குறையும். கால் மரத்தால் மரத்துவிட்டுப் போகட்டும், மருந்து முழுசாக உள்ளே போக வேண்டும். ஆனால் ஒன்று, கால் போனால் அவள் தொழிலும் போய்விடும். ராத்திரியும் பகலும் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து தனியாக அல்லாடினாள். புருஷனிடம் சொன்னால் அவர் டாக்டரிடம் சொல்வார். தங்கையிடம் சொல்வதற்குப் பதில் நாளிதழில் விளம்பரம் கொடுத்துவிடலாம்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. கணவர் அந்த வெள்ளைப் பயிற்சி வண்டியை எடுத்தால் அது ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இழுத்து இழுத்துப் போகும், திடீரென்று அணைந்துவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆக்ஸிலரேட்டர் கொடுங்க, பிச்சை போடற மாதிரி போடறீங்களே" என்று பொரிந்து தள்ளுவாள். அவர் வியர்த்து விறுவிறுத்துப்போவார். மெக்கானிக்கிடம் காட்டினார், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். மீசையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார், வண்டி அம்பு மாதிரி போயிற்று.

"அப்படின்னா கோளாறு எனக்குத்தான்" என்றார் பாவம்.

"சார், என் சம்சாரம் பக்கத்துல உட்கார்ந்தா எனக்கே ஓடாது" என்றார் மீசை. "இதுக்கு மருந்து இல்ல."

ஒன்பதாவது வாரம் வானொலியும் கூட வந்தாள். பின் இருக்கையில் ஃபிளாஸ்க், போர்வை, தலையணை, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் ஆபீஸில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட மேலாளரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு மேம்பாலம் இருக்கிறது. அதில் பாதி ஏறியதும் வண்டி முனகியது. கருகல் வாடை அடித்தது. கணவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார், வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்த அடியில் ஃபிளாஸ்க் மூடி உருண்டு முன்னால் ஓடியது.

"கொடுங்க! இன்னும் கொடுங்க! என்னங்க நீங்க!" என்று கத்தினாள் டீச்சர்.

"கொடுத்துட்டுத்தான்மா இருக்கேன்!"

மூடியை எடுக்க வானொலி இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை விட்டுக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, நீ எதுக்கு பிரேக்கை அமுக்கிட்டு இருக்க?"

"நான் எங்கடி அமுக்கறேன்?"

"இதோ, அமுக்கிட்டு இருக்கியே."

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக டீச்சர் ஓடுகிற வண்டியில் குனிந்து தன் காலைப் பார்த்தாள். செருப்புக் கால் பிரேக் மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருந்தது. அவள் காலுக்கு அது தெரியவே இல்லை. மூன்று வாரமாக மேலே இவள் 'போங்க போங்க' என்று திட்ட, கீழே இவள் காலே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கையால் தொடையைப் பிடித்துத் தூக்கித்தான் காலை எடுத்தாள்.

வானொலி வாய் பேசவில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

கணவர் கைப்பிரேக்கை இழுத்தார். நான்கு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டார். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவளைத் திரும்பிப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அப்போ, நான் நல்லாத்தான் ஓட்டறேனா?"

டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. "நல்லா ஓட்டறீங்க. ரொம்ப நல்லா ஓட்டறீங்க" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். "சொன்னா மருந்தைக் குறைச்சுடுவாங்க. அந்தத் தபால் ஆபீஸ் அம்மாவுக்குக் குறைச்சாங்க. அப்புறம் அவங்க வரவே இல்ல." இதைச் சொல்லும்போது அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி ஆகிவிட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா உனக்குத் தெரியாம நான் போய் டாக்டர்கிட்டச் சொல்ல மாட்டேன். நீயேதான் சொல்லணும்." பிறகு முன்னால் திரும்பி, "காலைத் தூக்கி சீட் மேல வச்சுக்கோ" என்றார்.

டீச்சர் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் கிளட்சை மெல்ல விட்டார், கைப்பிரேக்கை இறக்கினார். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் நழுவாமல் வெண்ணெய் மாதிரி மேட்டில் ஏறியது. தான் சொல்லிக் கொடுத்தவர்களில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் மேடு ஏறியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மீசைக்குத்தான் அந்தப் பெருமை போகும் என்பதில் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வழக்கம்போலத் தாளைப் பார்த்தபடியே கேட்டார்: "கை கால் மரத்துப்போகுதா? பட்டன் போட முடியுதா?"

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டாள். பின்னால் நின்ற கணவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வாயைத் திறக்கவில்லை. வானொலி தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பொய் டாக்டர்" என்றாள் டீச்சர். "மூணு வாரமாப் பொய் சொல்லிட்டு இருக்கேன். எனக்குக் கால் இருக்கறதே தெரியல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார், மழுங்கின ஊசியால் தொட்டார். பஞ்சா ஊசியா என்று கேட்டபோது, டீச்சர் "தொட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். பிறகு நடக்கச் சொல்லிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இந்த வாரம் மருந்து வேண்டாம். கொஞ்சம் ஓய்வு கொடுத்துட்டு, அப்புறம் அளவைக் குறைச்சுத் தொடரலாம். இப்படியே போட்டுட்டுப் போயிருந்தா கால் நிரந்தரமா இப்படியே ஆயிடலாம்."

"குறைச்சா போதுமா டாக்டர்?"

"நிறையப் பேருக்குக் குறைச்சிருக்கோம். இதுவரைக்கும் ஏத்தினது எதுவும் வீணாகாது. ஆனா நிச்சயம்னு எழுதிக் கொடுங்கன்னு கேட்டீங்கன்னா, அது யாருக்கும் என்னால கொடுக்க முடியாது."

"கால்?"

"பெரும்பாலும் மெல்லத் திரும்பி வரும். மாசக்கணக்காகும். முழுசா வருமான்னு இப்போ தெரியாது. அதுவரைக்கும் நீங்க ஓட்டக் கூடாது, பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவும் கூடாது. தினமும் யாராவது பாதத்தைப் பார்க்கணும். அடிபட்டாலும் உங்களுக்குத் தெரியாது."

டீச்சர் தலையசைத்தாள். வெளியே வந்ததும் நர்ஸிடம் போய், மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கேள்வியைக் கேட்டாள். "அந்தத் தபால் ஆபீஸ் அம்மா... அவங்க..."

"அவங்களா? வியாழக்கிழமைக்கு மாத்திக்கிட்டாங்க. மகளுக்கு அன்னிக்குத்தான் லீவாம். நேத்துகூட வந்து பெரிய சண்டை போட்டுட்டுப் போனாங்க, ஏசி ஜாஸ்தியா இருக்குன்னு."

வானொலிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ஏன்க்கா, உசிரோட சண்டை போட்டுட்டு இருக்கறவங்களுக்கா நீ மூணு வாரமா துக்கம் காத்த?" என்றாள். அந்தத் தாழ்வாரத்தில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு வண்டி வரைக்கும்தான் வந்தது. வீட்டுக்கு வரும்போது டீச்சர் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மருந்தும் குறைகிறது, காலும் இப்போதைக்கு இல்லை. எதைக் கொடுத்து எதைக் காப்பாற்றலாம் என்று மூன்று வாரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டுமே அவள் கையில் இல்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். 'ரோட்டைப் பாருங்க' என்று அவள் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் பாதத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கணவர் அவளை ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்து உட்காரவைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, துண்டை மடியில் விரித்து, அவள் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டார். லென்ஸில் கீறல் பார்ப்பது போல விரல் விரலாக விலக்கிப் பார்த்தார். குதிகாலில் ஒரு சின்ன வெட்டு இருந்தது, எப்போது பட்டதென்று அவளுக்குத் தெரியாது. அதைத் துடைத்துப் பஞ்சு வைத்து ஒட்டினார்.

"நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க ஒரு ஒரு விரலாத் தொடுங்க. எந்த விரல்னு நான் சொல்றேன்" என்றாள் டீச்சர். டாக்டரம்மா தப்பாகச் சொல்லியிருப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

"சரி. மூடிக்கோ."

"இது கட்டைவிரல்."

"சரி."

"அதுக்குப் பக்கத்து விரல்."

"சரி."

"நடுவிரல்."

"கரெக்ட்" என்றார் அவர்.

"இது... சுண்டுவிரல்."

"ஆமா, கரெக்ட்."

குத்துமதிப்பாகச் சொன்ன நான்கும் சரி. சந்தோஷத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். அவர் காலைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. அவருடைய இரண்டு கையும் முகத்தில் இருந்தன. சத்தம் வராமல் அழுதுகொண்டே 'கரெக்ட், கரெக்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சர் அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் ஒழுங்காக ஒரு பொய் சொல்லத் தெரியாதவர். மீசையிடம் கார் கற்றதைக்கூட சிக்னலில் கோட்டை விட்டவர்.

"ஏங்க" என்றாள். "நான் மூணு வாரம் பொய் சொன்னது போதும். நீங்க புதுசா ஆரம்பிக்காதீங்க. முதல்லேருந்து வாங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துண்டின் ஓரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் மறுபடி கண்ணை மூடினாள்.

"இப்போ?"

"தெரியல."

"இப்போ?"

"தெரியல."

"இப்போ?"

எந்தக் காலைப் பிடித்திருக்கிறார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. விரலையா, குதிகாலையா, அல்லது இன்னும் தொடவே இல்லையா? ஆனால் வெகுநாள் கழித்து, தெரியவில்லை என்று சொல்ல அவளுக்குப் பயமாக இல்லை.

"தெரியலங்க" என்றாள். "ஆனா பிடிச்சிருந்தீங்கன்னா, விட்டுடாதீங்க. அப்படியே வச்சிருங்க."

"பிடிச்சிருக்கேன்" என்றார் அவர்.

இந்தத் தடவை அவள் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.